டெபோரா தொடாத மவுஸ்

நிமிடத்துக்கு நானூற்று இருபது சொற்கள். டெபோராவின் கணினி அவரிடம் பேசும் வேகம் அது. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் நூற்றைம்பதைத் தாண்டினாலே கேட்பவருக்கு மூச்சு முட்டும். டெபோராவின் ஹெட்போனை ஆசையாக வாங்கிக் காதில் வைத்தவர்கள் எல்லோரும் சில நொடிகளில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். அலுவலகத்தில் பக்கத்து இருக்கை சரிதா இன்னும் சுருக்கமாகக் கேட்டார்: "இன்னாக்கா, வண்டு உள்ள பூந்துகிச்சா?"

டெபோரா வேதசிரோமணிக்கு முப்பத்தாறு வயது. குறைமாதத்தில் பிறந்தவர். பிறந்த சில வாரங்களிலேயே பார்வை போய்விட்டது. கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோடு பக்கம் வீடு. கணவர் ஜெஃப்ரி சேலையூரில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறார். டெபோரா காலையில் மின்சார ரயிலேறி, சானடோரியம், குரோம்பேட்டை தாண்டிப் பல்லாவரத்தில் இறங்கி, ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போகிறார்.

அங்கே வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. அதன் முன்பதிவு மேசைதான் டெபோராவுடையது. போன் செய்பவரின் பெயர், முகவரி, என்ன பரிசோதனை, வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியதா என்று கேட்டுக் கணினியில் ஏற்ற வேண்டும். அதோடு, மறுநாள் காலை எந்த ஆள் எந்தத் தெருவில் தொடங்கி எங்கே முடிப்பது என்று வரிசை போடவும் வேண்டும். அந்தத் தெருக்களில் முக்கால்வாசியில் டெபோரா நடந்ததே இல்லை. ஆனால் கீழ்க்கட்டளையில் எந்தச் சந்து மழைக்குப் பிறகு பைக்குக்கு ஆகாது, மேடவாக்கம் சந்திப்பை ஏழு மணிக்குள் தாண்டாவிட்டால் என்ன கதி, பள்ளிக்கரணையில் எந்த அடுக்குமாடியில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க அடம்பிடிப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ரத்தம் எடுக்கப் போகிறவர்கள் ஆறு வருடமாகப் போனில் புலம்பிய புலம்பல்தான் அவருடைய வரைபடம்.

அவர் கணினி நிரல் எழுதக் கற்றது இந்த வேலைக்காக அல்ல, கிரிக்கெட்டுக்காக. பார்வையற்றவர்களின் கணினியில் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் ஓடும். திரையில் இருப்பதை அது குரலாக வாசிக்கும். ஆனால் நாம் போய் நிற்கும் இடத்தைத்தான் வாசிக்கும். மூலையில் ஸ்கோர் மாறினால் தானாகச் சொல்லாது. டெபோராவுக்கு ஒவ்வொரு பந்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு வர அலுப்பு. பார்வையற்ற நிரலாளர்களின் டெலிகிராம் குழு ஒன்றில் புலம்பினார். குரோம்பேட்டையில் வங்கியில் வேலை பார்க்கும் குணா அங்கிருந்து குரல் கொடுத்தார்: "அந்த ஸ்கிரீன் ரீடர்ல பைத்தான் மொழில நம்மளே எழுதிச் சேக்கலாம் மேடம். ஸ்கோர் மாறிச்சுன்னா ஒரு ஈவென்ட் வரும். அது வந்தா இன்னா பண்ணணும்னு எழுதி வெச்சிட்டா, அதுவே பேசிடும்."

அப்படி எழுதி வைப்பதற்குத்தான் ஈவென்ட் ஹேண்ட்லர் என்று பெயர். ஏதோ ஒன்று நடக்கும். நடந்தால் இதைச் செய். அழைப்பு மணி அடித்தால் கதவைத் திற என்று வீட்டில் சொல்லி வைப்பது போல. ஹூக் என்பது அதற்கு நெருங்கிய சொந்தம். வேறொருவர் எழுதிய நிரல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் வழியில், இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று என் வேலையையும் செய்துவிட்டுப் போ என்று மாட்டி வைக்கும் கொக்கி.

டெபோராவின் முதல் ஹேண்ட்லர் பன்னிரண்டு வரி. விக்கெட் விழுந்தால் சொல். அதை அணைக்க மறந்துவிட்ட ஒரு சனிக்கிழமை மாலை வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. சபைப் போதகரான ஐயர் கண்ணை மூடி நீண்ட ஜெபத்தில் இருந்தபோது அலமாரியில் இருந்த மடிக்கணினி கணீரென்று "அவுட்" என்றது. கூட்டத்தில் பாதிப் பேர் ஜெபம் முடிவதற்கு முன்பே ஜெஃப்ரியிடம் "யாரு அவுட்?" என்று கிசுகிசுத்தார்கள்.

*

பரிசோதனை நிலையத்தில் செப்டம்பரில் புது மென்பொருள் வந்தது. அதுவரை போனில் மட்டும் வந்த முன்பதிவுகள் இனி மொபைல் ஆப்பிலும் வரும். ஒன்று வந்ததும் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். திரையின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் வழுக்கிக்கொண்டு வரும். அதில் பெயர், ஊர், பரிசோதனை விவரம். மேசையில் இருப்பவர் பார்த்து ஏற்க வேண்டும் அல்லது நிராகரிக்க வேண்டும்.

டெபோராவுக்கு மணி கேட்டது. கட்டம் பேசவில்லை. கண்ணுக்கு மட்டுமே தெரிகிற மாதிரி அதைச் செய்திருந்தார்கள். மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஹேமநாத்திடம் போனில் கேட்டார். "அதை நாங்க யோசிக்கவே இல்ல மேடம், சாரி. அடுத்த வெர்ஷன்ல கண்டிப்பா பாக்கறோம்" என்றார் அவர். அடுத்த வெர்ஷன் எப்போது என்று கேட்டால், தேதி இன்னும் போடவில்லை என்றார்.

நிலையத்தின் மேலாளர் அனந்தகிருஷ்ணன் கெட்டவர் அல்ல. ஆறு வருடத்துக்கு முன் டெபோராவை நேர்காணல் செய்து எடுத்தவரே அவர்தான். அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி எங்கே இருக்கிறது என்று சொல்லி உட்காரவைத்துவிட்டுப் பேசினார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு டெபோரா. ஆனா ஆப்ல வர்றது நாளுக்கு நாள் ஏறுது. நீங்க என்கொயரி போனுக்கு மாறிக்கோங்களேன். அதே சம்பளம். டென்ஷன் இல்ல."

என்கொயரி போன் என்பது, ரிப்போர்ட் எப்போது கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்வது. கிண்டி கிளையில் அந்த வேலையைப் பதிவு செய்த குரல் பார்க்க ஆரம்பித்துவிட்டது டெபோராவுக்குத் தெரியும். பல்லாவரத்துக்கும் அது வர ஒரு வருடம் ஆகலாம். அதன் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வேலை இருக்கும்?

"அக்டோபர் முடியற வரைக்கும் டைம் குடுங்க சார். அந்தக் கட்டத்தை நான் பேச வெக்கறேன்."

"நீங்களேவா?"

"நானேதான்."

"ஆனா தப்பு வரக் கூடாது. இது ரத்தம்."

"வராது சார்" என்றார் டெபோரா. அந்தச் சொல்லுக்காக அவர் பிறகு நிறைய வருத்தப்பட வேண்டியிருந்தது.

*

நிரல் ஒரு வாரத்தில் தயாரானது. கட்டம் திரைக்கு வந்தால் ஒரு ஈவென்ட் வரும். வந்தால் உள்ளே இருப்பதைப் படித்து நினைவில் வைத்துக்கொள். டெபோரா எஃப் எட்டு விசையை அழுத்தினால் அதைச் சொல். தானாகச் சொல்ல வேண்டாம், ஏனென்றால் அவர் பாதி நேரம் போனில் வேறொருவரோடு பேசிக்கொண்டிருப்பார். என்டர் அழுத்தினால் முன்பதிவு ஏற்கப்படும். எஸ்கேப் அழுத்தினால் நிராகரிக்கப்படும்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. கட்டம் வழுக்கிக்கொண்டு வருவதால், வந்து நிற்பதற்குள் 'வந்துவிட்டேன், வந்துவிட்டேன்' என்று நான்கைந்து ஈவென்ட்டுகள் கிளம்பின. பாதி வரும்போது பாதிப் பெயர்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நினைவு மாறி மாறிக் குழம்பியது. டெபோரா அதற்கு ஒரு பூட்டுப் போட்டார். முழு விவரமும் ஒரு தடவை நினைவில் ஏறிவிட்டால், அதைக் காலி செய்கிற வரை புதிதாக எதையும் ஏற்றாதே. எப்போது காலி செய்வது? கட்டம் மூடும்போது. கட்டம் எப்போது மூடும்? என்டரோ எஸ்கேப்போ அழுத்தும்போது. எனவே அந்த இரண்டு விசைகளிலும் கொக்கி மாட்டினார். அவற்றை அழுத்தினால் நினைவு காலி.

அக்டோபர் முதல் வாரம் அமைதியாகப் போனது. டிங், எஃப் எட்டு, பெயர், என்டர். சரிதாவே வியந்து பார்த்தார். அனந்தகிருஷ்ணன் ஒரு முறை பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் நல்லது என்று அங்கே அர்த்தம்.

இரண்டாவது வாரம் கீழ்க்கட்டளையில் இருந்து எத்திராஜ் என்பவர் போன் செய்தார்.

"இன்னாமா, உங்களோட ஒரே பேஜாரா கீது! காலைல ஆள் வரும்னு ஆப்ல போட்டுட்டு, டீ கூட குடிக்காம குந்திகினுகீறேன். ஒரு ஈ காக்கா வர்ல. போன எடுத்துப் பாத்தா கேன்சல்னு கீது. யாரக் கேட்டுக் கேன்சல் பண்ண நீ?"

டெபோரா மன்னிப்புக் கேட்டார். ஆப்பில்தான் ஏதோ கோளாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆப்பின் மேல் எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது.

ஐந்தாறு நாளில் பள்ளிக்கரணை சுப்புலட்சுமி. சர்க்கரை நோயாளி. மகன் வெளியூரில் இருந்தபடியே ஆப்பில் பதிவு செய்திருக்கிறார்.

"ஏம்மா, ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டது. இப்ப ஒம்பதாகுது. ஒரு வாய் காபி இல்ல. தல சுத்துது. இன்னும் அஞ்சு நிமிஷத்துல அந்தப் பையன் வரலன்னா நான் இட்லி சாப்பிடப் போறேன், சொல்லிட்டேன்."

"சாப்பிடுங்க அம்மா. உடனே சாப்பிடுங்க. தப்பு எங்களோடது."

"அது எனக்குத் தெரியும். இட்லி ஆறிப்போச்சு, அதான் கவல."

இந்த முறை அனந்தகிருஷ்ணன் கணினியில் தேடிப் பார்த்தார். இரண்டு முன்பதிவுகளுமே டெபோராவின் இருக்கையில் இருந்து நிராகரிக்கப்பட்டிருந்தன. காரணம் என்ற இடத்தில் 'இரட்டைப் பதிவு' என்று இருந்தது. ஆப்பில் பதிகிறவர்கள் அவசரத்தில் பொத்தானை இரண்டு தடவை தட்டிவிடுவது வழக்கம்தான். ஒரே பெயர் இரண்டாவது முறை வந்தால் மேசையில் இருப்பவர் நிராகரித்துவிடுவார். ஆனால் எத்திராஜும் சுப்புலட்சுமியும் ஒரு தடவைதான் பதிந்திருந்தார்கள்.

அந்த நிராகரிப்பு நடந்த முந்தைய நாள் காலை டெபோராவுக்கு நினைவிருந்தது. டிங் என்றது. எஃப் எட்டு அழுத்தினார். சற்று முன் வந்திருந்த ஒரு கோவிலம்பாக்கத்து ஆளின் பெயரைக் கணினி சொன்னது. அந்தப் பெயர் மறுநாள் வரிசையில் ஏற்கெனவே இருந்தது. அட, இரண்டு தடவை தட்டிவிட்டார் என்று எஸ்கேப் அழுத்தினார். திரையில் அப்போது நின்றிருந்தது சுப்புலட்சுமியின் பெயர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"டெபோரா, நான் திட்டலை" என்றார் அனந்தகிருஷ்ணன். "ஆனா சுகர் இருக்கற அம்மா. மயங்கி விழுந்திருந்தா?"

"நான் எழுதின ஸ்கிரிப்ட்ல எங்கயோ ஓட்டை இருக்கு சார். கண்டுபிடிக்கறேன்."

"மாசக் கடைசி வரைக்கும்தான் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் எதையும் கேன்சல் பண்ணாதீங்க. சந்தேகமா இருந்தா சரிதாகிட்ட காட்டுங்க."

காட்டுங்க என்ற சொல் டெபோராவைச் சுட்டது. ஆறு வருடத்தில் அந்த மேசையில் அவர் யாரிடமும் எதையும் காட்டிக் கேட்டதில்லை.

*

குணாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். குணா கேட்டார்: "வூட்ல ஓட்டிப் பாத்தா வருதா அந்தத் தப்பு?"

"வரல. வீட்டுல அதே மாதிரி ஒரு டம்மி ஜன்னல் செஞ்சு வெச்சிருக்கேன். நூறு தடவை ஓட்டினேன். ஒரு தடவை கூட வரல."

"அப்ப ஆபீஸ்ல இன்னாவோ வேற மாதிரி நடக்குது மேடம். காதுல கேக்கற மாதிரி எதனா வெச்சுப் பாருங்க."

டெபோரா இரண்டு ஒலிகளை நிரலில் சேர்த்தார். நினைவில் பெயர் ஏறும்போது 'டொம்'. நினைவு காலியாகும்போது 'டிக்'. பார்வை உள்ள நிரலாளர் திரையில் வரி வரியாக அச்சிட்டுப் பார்ப்பதை அவர் தாளமாக்கிக் கேட்டார். டிங், டொம், டிக். டிங், டொம், டிக். புதன் முழுக்க அப்படியே. வியாழன் முழுக்க அப்படியே.

வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை. ஸ்டேஷனில் இருந்து அலுவலகத்துக்கு வழக்கமாக நடக்கிற ஓரத்தில் பழைய ஃபேன், மீன் தொட்டி, செடித் தொட்டி எல்லாம் பரப்பியிருப்பார்கள். டெபோரா தெருவின் மறுபக்கமாக, கோழிக் குஞ்சுகளின் சத்தத்தைக் குறி வைத்து நடந்தார். சந்தைக்கு வந்தவர்களில் பலர் அப்படியே பரிசோதனை நிலையத்துக்குள்ளும் எட்டிப் பார்ப்பதால் அன்று போன், ஆப், நேரில் வருபவர்கள் என்று மூன்று பக்கமும் நெருக்கடி.

பதினோரு மணி இருக்கும். மேடவாக்கத்தில் இருந்து ஒருவர் தன் மாமனாரின் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டியில் இருந்து இடது, அப்புறம் ஒரு மாவு மில், மாவு மில்லில் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. நடுவில் டிங். டொம். டெபோரா போனை விட முடியவில்லை. அப்போது தோளுக்குப் பக்கத்தில் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்ன 'கிளிக்'.

டிக் வரவில்லை.

மேடவாக்கத்துக்காரர் மாவு மில்லைத் தாண்டிவிட்டார். டெபோரா எஃப் எட்டு அழுத்தினார். எச்.கிருபா, ஜமீன் பல்லாவரம் என்றது கணினி. என்டரை அழுத்தினார். டிக் இப்போதுதான் வந்தது, ஆனால் எதுவும் ஏற்கப்படவில்லை. ஏற்பதற்குத் திரையில் கட்டமே இல்லை. அது ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது.

அந்தக் கிளிக் சத்தத்தை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அந்த அறையில் எல்லா மேசையிலும் மவுஸ் இருக்கிறது, நாள் முழுக்கக் கிளிக் கிளிக் என்றுதான் இருக்கும். தன் மேசையிலும் ஒன்று இருப்பது அவர் மனதில் இல்லை. அவர் அதைப் பயன்படுத்தியதில்லை. பள்ளியில் கணினி வகுப்பில் ஆசிரியர் மவுஸை ஒரு தடவை கையில் கொடுத்து, "இப்படி ஒண்ணு உண்டு, தடவிப் பாத்துக்கோங்க" என்று சொல்லித் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். அதோடு சரி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேசையில் கையை இடித்த மவுஸை மானிட்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

போனை வைத்ததும் திரும்பினார். "சரிதா, இப்ப என் மெஷின்ல நீ எதையாவது தொட்டியா?"

"ஆமாக்கா. நீ போன்ல இருந்த. ஆப்ல ஒண்ணு வந்துச்சு, ஜமீன் பல்லாவரம், தைராய்டு. நானே ஓகே குடுத்துட்டேன்."

"இதுக்கு முன்னாடியும் குடுத்திருக்கியா?"

"உன் கை ரொம்பினா குடுப்பேன். ரெண்டு மூணு வாட்டி இருக்கும். ஏன்?"

"என்கிட்டச் சொல்லவே இல்லையே."

சரிதாவுக்குக் கேள்வியே புரியவில்லை. நீலாங்கரைக் குப்பத்தில் பிறந்தவர். அப்பா கடலுக்குப் போகிறார். அம்மா மீன் விற்கிறார். பள்ளி விடுமுறை எல்லாம் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில்தான் கழிந்தது.

"இதுல சொல்றதுக்கு இன்னாக்கா கீது? எங்கம்மா மீன் விக்கற எடத்துல, பக்கத்துக் கூடைக்காரிக்குக் கை ரொம்பிப்போச்சுன்னா, அவகிட்ட வந்த ஆளுக்கு நாமதான் எடுத்துக் குடுக்கணும். கேட்டுகினு நின்னா ஆள் பூடுவான். எடுத்துக் குடுத்துட்டு சொல்லிகினும் இருக்க மாட்டோம். நாளைக்கு அவ நமக்குக் குடுப்பா."

டெபோரா ஹெட்போனைக் கழற்றி வைத்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். மவுஸால் கட்டத்தை மூடினால் தன் நிரலின் நினைவு காலியாகாது. அடுத்து வருபவருக்கும் பழைய பெயரையே அது சொல்லும். அதை நம்பித்தான் எத்திராஜையும் சுப்புலட்சுமியையும் நிராகரித்தேன் என்றார்.

சரிதாவின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப அந்தம்மா பட்டினி கெடந்தது என்னாலயா?"

"இல்ல."

"நான்தானே கிளிக் பண்ணேன்? சத்தியமா இனிமே உன் மெஷினத் தொட மாட்டேன்க்கா."

அது சுலபமான வழி. சரிதா தொடாமல் இருந்தால் நிரல் ஒழுங்காக ஓடும். டெபோராவுக்கு அது ஒரு நிமிடம் ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் நாளை விடுப்பில் போனால் அந்த இருக்கையில் வேறொருவர் உட்காருவார். அனந்தகிருஷ்ணனே ஏதாவது பார்க்க வந்து மூடுவார். கட்டம் மூடுவதற்கு இரண்டு விசைதான் வழி என்று நினைத்தவர் டெபோரா. அவருடைய உலகத்தில் அதற்கு வேறு வழி இருந்ததில்லை.

"நீ பாட்டுக்குத் தொடு" என்றார். "நான்தான் கொக்கியத் தப்பான எடத்துல மாட்டியிருக்கேன்."

*

விசையில் இருந்த கொக்கியைக் கழற்றி, கட்டம் மூடும் ஈவென்ட்டில் மாட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது. யார் மூடினாலும், எதனால் மூடினாலும் அது வரும். மாலையில் ஹேமநாத்தைப் போனில் பிடித்தார்.

"அதுல ஒரு சிக்கல் மேடம்" என்றார் ஹேமநாத். "நீங்க சொல்ற கட்டம், அதான் அந்தப் பேனல், மூடறதே இல்ல. சும்மா மறைச்சு வெக்கறோம். அடுத்த புக்கிங் வந்தா அதையே வேற பேர் போட்டுத் திரும்பக் காட்டுவோம். அதனால மூடின ஈவென்ட்னு எதுவும் போகாது."

"அப்ப அது போச்சா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு நம்பர் இருக்கு. பேனலோட தலைப்புலயே வரும். அதை வேணா படிச்சுக்கோங்க."

சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து டெபோரா நிரலை மாற்றினார். இந்த முறை கொக்கி பேச்சுக்கு முன்னால். எஃப் எட்டு அழுத்தினால், நினைவில் இருப்பதைச் சொல்லும் முன் திரையில் இப்போது இருக்கும் எண்ணைப் படி. இரண்டும் ஒன்றென்றால் பேசு. வேறு வேறு என்றால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் படித்து, அதைச் சொல். திரையில் ஒன்றுமே இல்லையென்றால் 'காலி' என்று சொல். நிராகரிக்கும் முன்னாலும் இதே சோதனை.

பிறகு ஜெஃப்ரியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஜெஃப்ரி கையில் விடைத்தாள் கட்டு இருந்தது.

"அத வெச்சுட்டு மவுஸ எடு. எங்க வேணாலும் அமுக்கு. எவ்ளோ முடியுமோ அவ்ளோ கெடுத்து வை."

"கல்யாணமாகி ஒம்பது வருஷத்துல மொத தடவையா இப்படிச் சொல்ற."

"பேசாம அமுக்கு."

ஜெஃப்ரி உற்சாகமாக அமுக்கினார். மூடினார், திறந்தார், மூடும் நடுவில் இன்னொன்றைத் திறந்தார், கட்டத்தை இழுத்து மூலையில் போட்டார். நிரல் ஒவ்வொரு தடவையும் திரையில் இருந்த பெயரையே சொன்னது. ஒரே ஒரு தடவை தடுமாறியது: கட்டம் வழுக்கிக்கொண்டு வரும்போதே எஃப் எட்டை அழுத்தினால் பாதிப் பெயர் வந்தது. டெபோரா அதற்கு ஒரு சின்னக் காத்திருப்பைச் சேர்த்தார். ஜெஃப்ரி தேநீர் போட எழுந்து போனார். விடைத்தாள் கட்டு அன்று பிரிக்கப்படவில்லை.

*

திங்கட்கிழமை காலை டெபோரா தானாகவே அனந்தகிருஷ்ணனின் அறைக்குப் போனார். பின்னாலேயே வந்த வளையல் சத்தம் வாசலில் நின்றது.

"சார், ரெண்டு கேன்சலும் என் ஸ்கிரிப்ட்டோட தப்பு. பேனலைக் கீபோர்டுல மூடினாதான் அது புரிஞ்சுக்கும்னு எழுதியிருந்தேன். மவுஸ்ல மூடினா பழைய பேரையே பிடிச்சுட்டு நின்னுச்சு."

"மவுஸ்ல மூடினது யாரு?"

"யார் மூடினாலும் அது சரியா ஓடியிருக்கணும் சார். மவுஸ்னு ஒண்ணு இருக்கறதையே நான் கணக்குல எடுத்துக்கல."

"நான்தான் சார் மூடுனேன்" என்றார் சரிதா வாசலில் இருந்து. "அக்கா சொல்லாது. அதான் நானே சொல்றேன்."

அனந்தகிருஷ்ணன் இருவரையும் பார்த்தார். "இப்ப சரி பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

"போன தடவையும் வராதுன்னுதான் சொன்னீங்க."

"இந்தத் தடவ அப்படிச் சொல்லல சார். இன்னும் என்னென்ன இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா ஸ்கிரீனப் பாக்காம இனி அது வாயத் திறக்காது."

அனந்தகிருஷ்ணன் எழுந்தார். நேராக நடந்து போய் டெபோராவின் நாற்காலியில் உட்கார்ந்தார். மானிட்டருக்குப் பின்னால் கிடந்த மவுஸை முன்னால் இழுத்தார். டெபோரா பக்கத்தில் நின்று எஃப் எட்டில் விரலை வைத்துக்கொண்டார். ஹெட்போன் வயரைக் கழற்றிவிட்டார்கள், குரல் வெளியே வந்தது.

"இது என்ன பாஷை?" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"இங்கிலீஷ்தான் சார்."

"கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க, பிளீஸ்."

வேகத்தைக் குறைத்தார்கள். அரை மணி நேரம் மேலாளர் வருகிற முன்பதிவுகளை எல்லாம் தன் இஷ்டத்துக்கு மூடினார், மறைத்தார். நடுவில் வேறு ஜன்னலுக்குத் தாவினார். சரிதா திரையைப் பார்த்துப் பெயரைச் சொன்னார். கணினியும் அதையே சொன்னது. ஒரு தடவை சரிதா தப்பாகப் படித்தார், அச்சுதன் என்பதை அர்ச்சுனன் என்று.

அனந்தகிருஷ்ணன் மவுஸை வைத்துவிட்டு எழுந்தார். "மேசை உங்களோடதாவே இருக்கட்டும், டெபோரா. என்கொயரிக்கு வேற ஆள் பாத்துக்கறேன். ஆனா இனிமே இரட்டைப் பதிவுன்னு தோணினா, யாரா இருந்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் கேன்சல் பண்ணணும். சரிதா, உனக்கும்தான். அந்த ரெண்டு பேருக்கும் இலவசமா எடுத்துக் குடுத்துடுங்க. கூப்பிட்டு நீங்களே சொல்லுங்க."

எத்திராஜ் போனை எடுத்ததும் இரண்டு வாக்கியம் திட்டினார், மூன்றாவதில் வியாழக்கிழமை வரச் சொன்னார். சுப்புலட்சுமி முழுவதையும் கேட்டார்.

"ஏம்மா, கம்ப்யூட்டரு பழைய பேரச் சொல்லிச்சுன்னு நீ நம்பிட்ட. சரி. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், செத்துப்போன பிரெண்டுக்கெல்லாம் போன் போடுவாரு" என்றார். "இந்தத் தடவ மொத வீடு எங்க வீடா இருக்கணும். ஆறு மணிக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்."

புதன்கிழமை காலை வரிசையில் சுப்புலட்சுமியின் பள்ளிக்கரணை வீடு முதலில் வந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்க அடம்பிடிக்கும் அடுக்குமாடி அது என்பதால், முந்தைய நாளே டெபோரா அவருக்கும் ஒரு போன் செய்தார்.

மென்பொருளின் அடுத்த வெர்ஷன் ஜனவரியில் வருகிறது. அதில் கட்டம் திரையின் இடது பக்கத்துக்கு மாறுகிறது, எண் தலைப்பில் இருக்காது என்று ஹேமநாத் முன்கூட்டியே சொல்லிவிட்டார். டெபோரா நிரலைத் திரும்ப எழுத வேண்டும்.